இரண்டே எலும்புக்கூடுகளை வைத்து இவ்வளவு சொல்ல முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். மகளுடைய படப் புத்தகத்தில் அனுரோக்னேத்தஸ் என்று ஒரு குட்டிப் பறக்கும் ஊர்வன இருக்கிறது. தவளை முகம், முட்டைக் கண், உடம்பெல்லாம் பூனைக்குட்டி போல மயிர். அந்தி நேரத்தில் பூச்சி பிடிக்கும் என்றும், பெரிய டைனோசர்களின் முதுகில் உட்கார்ந்து சவாரி செய்யும் என்றும் புத்தகம் சொல்கிறது. அப்புறம் தேடிப் பார்த்தால் உலகம் முழுக்க இதற்கு இரண்டே இரண்டு எலும்புக்கூடுகள்தான் என்று தெரிந்தது. "இதெல்லாம் நிஜமா, இல்லை ஓவியர் இட்டுக்கட்டியதா?" என்று கேட்கிறீர்கள். இது ஒரு விலங்கைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், உண்மையில் நீங்கள் கேட்பது கல்லில் இருப்பது எது, கல்லிலிருந்து ஊகித்தது எது, கல்லுக்குச் சம்பந்தமே இல்லாதது எது என்பதைத்தான். நீங்கள் சொன்ன பட்டியலில் மூன்றுமே இருக்கின்றன.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். சிறிய முதுகெலும்பிகளின் புதைபடிவங்களோடுதான் என் வேலை. பல்லி, வௌவால் அளவுள்ளவை. நசுங்கிய மண்டை ஓடுகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக்கொண்டு எந்த எலும்பு எது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட அனுபவம் நிறைய உண்டு. ஆனால் அனுரோக்னேத்தஸின் மூலக் கல்லை நான் கையில் எடுத்ததில்லை. படங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் படித்தே அதை அறிவேன். பறக்கும் ஊர்வனவற்றை மட்டுமே ஆயுள் முழுக்கப் பார்த்தவர்கள் இந்தப் பதிலில் ஒன்றிரண்டு இடத்தில் என்னோடு சண்டை போடலாம்.

அனுரோக்னேத்தஸ் டெரோசர் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றி இரண்டு வரி. இவை டைனோசர்கள் அல்ல, அவற்றின் உறவினர்கள். பறவைகளின் முன்னோர்களும் அல்ல. பறவை தன் கையில் இறகு முளைத்துப் பறக்கிறது, வௌவால் விரல்களை விரித்துச் சவ்வைத் தாங்குகிறது. டெரோசர் இந்த இரண்டு வழியையும் விட்டுவிட்டு நான்காவது விரல் ஒன்றை மட்டும் கை நீளத்துக்கும் மேலாக வளர்த்து, அதிலிருந்து உடம்பு வரை சவ்வை இழுத்துக் கட்டியது. மற்ற மூன்று விரல்களும் நகத்தோடு முன்னால் சின்னதாக நிற்கும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அனுரோக்னேத்தஸ் கிடைத்த இடம் தெற்கு ஜெர்மனியில் உள்ள சொல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் படிவங்கள். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் கடைசிப் பகுதியில், அங்கே வெப்பமான ஆழமற்ற கடலும் நடுநடுவே தீவுகளும் இருந்தன. தீவுகளுக்கு இடையே தேங்கிய காயல்களின் அடியில் உப்பு மிகுந்த, உயிர்வளி இல்லாத நீர். மேலிருந்து விழுந்தது எதுவானாலும் அதைக் கடித்துக் குதற அடியில் உயிர் எதுவும் இல்லை. மிக நுண்ணிய சுண்ணாம்புச் சேறு அதன்மேல் மெல்ல மெல்லப் படிந்தது. இன்று அந்தக் கல்லை ஏடு பிரிப்பதுபோலப் பிரிக்கலாம். அந்த வழவழப்புக்காகத்தான் அலோய்ஸ் செனஃபெல்டர் 1796 வாக்கில் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தபோது இந்தக் கல்லைப் பயன்படுத்தினார். அச்சுக்காகக் கல் வெட்டப்போய்த்தான் ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற இறகுள்ள ஆதிப் பறவை முதல் எத்தனையோ புதைபடிவங்கள் வெளியே வந்தன. உலகில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட டெரோசரும் இந்தச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்ததுதான். 1784இல் அதை விவரித்த கோசிமோ கொலினி, அந்த நீண்ட விரலைப் பார்த்துவிட்டு இது ஏதோ கடல் பிராணி என்று நினைத்தார். அது பறந்த ஊர்வன என்று 1801இல் சொன்னவர் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே. அதாவது இந்தத் துறை பிறந்ததே ஒரு தவறான ஊகத்தோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கடைசித் தவறும் அல்ல.

1922இல் விலங்கியலாளர் லுட்விக் டோடர்லைன் கையில் ஒரு சின்னக் கல் வந்து சேர்ந்தது. பவேரியாவின் நிலவியலாளர் லுட்விக் ஃபான் அம்மோன் சேகரித்து வைத்திருந்தது. மறு ஆண்டே டோடர்லைன் அதற்கு அனுரோக்னேத்தஸ் அம்மோனி என்று பெயர் வைத்தார். பெயரின் பின்பாதி சேகரித்தவருக்கு மரியாதை. முன்பாதிக்குக் கிரேக்க மொழியில் 'வாலில்லாத் தாடை' என்று பொருள். தாடைக்கு எதற்கு வால் என்று சிரிக்காதீர்கள். அதுவரை தெரிந்த நீண்ட வால் டெரோசர்களின் சாயல் உடம்பில் இருக்க, வால் மட்டும் ஒரு முளை அளவுக்கே இருந்தது அவரை வியப்பில் ஆழ்த்தியிருக்க வேண்டும். அந்தக் கல் இன்றும் மியூனிக்கில் இருக்கிறது. 1944 ஏப்ரலில் அந்நகர் மீது விழுந்த குண்டுகளில் ஸ்பைனோசரஸ் என்ற பெரிய டைனோசரின் முதல் எலும்புகள் அழிந்தே போயின. அந்த ராட்சத எலும்புகள் போய், உள்ளங்கையில் அடங்கும் இந்தக் குட்டி தப்பியது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

எவ்வளவு குட்டி என்றால், வாலை விட்டுவிட்டால் உடம்பு சுமார் 9 சென்டிமீட்டர். இறக்கைகளை முழுதாக விரித்தால் அரை மீட்டர் வரும். இதைவிடச் சிறிய இன்னோர் உருவத்துக்கு, இறக்கை விரிவு 35 சென்டிமீட்டர் என்று வைத்து, 2008இல் மார்க் விட்டன் போட்ட கணக்கில் எடை 40 கிராம் வந்தது. ஒரு சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். நீளங்கள் அளந்து சொல்பவை, நம்பலாம். எடை அப்படியல்ல. சதை எவ்வளவு, காற்றறைகள் எவ்வளவு என்று ஊகித்துப் போடுவது. நாளை இன்னொருவர் கணக்கிட்டால் எண் மாறும்.

இனி முகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. டோடர்லைனின் கல்லில் மண்டை ஓடு மோசமாகச் சிதைந்திருந்தது. இந்த விலங்கின் மண்டை நம்முடையது போலத் தகடுகளால் ஆன பெட்டி இல்லை. மெல்லிய குச்சி எலும்புகளால் பின்னிய கூடு. நான் மாணவர்களுக்கு இதைக் காட்ட ஒரு கம்பிக் கூடையை எடுத்து வருவேன். ஒரு கூடையைப் பக்கவாட்டில் வைத்துக் காலால் மிதிக்கச் சொல்வேன், அதே மாதிரி இன்னொன்றை நிமிர்த்தி வைத்து மிதிக்கச் சொல்வேன். தட்டையான இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே கூடையின் உருவம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். இதில் சில கம்பிகளும் கழன்று இடம் மாறிவிட்டால் எந்த ஓட்டை எது என்பது ஊகம்தான்.

பல டெரோசர்களின் மண்டையில் பக்கவாட்டில் மூன்று முக்கியமான ஓட்டைகள் இருக்கும்: மூக்குத் துளை, அதற்குப் பின்னால் எலும்பின் கனத்தைக் குறைக்கும் ஒரு சாளரம், அதற்கும் பின்னால் கண் குழி. அவற்றில் பலவற்றுக்கு நடுச் சாளரம் பெரியது, கண் குழி பின்னால் தள்ளி இருக்கும். அனுரோக்னேத்தஸின் சிதைந்த மண்டையில் முன்பக்கம் ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. பழக்கப்பட்ட கண் அதை நடுச் சாளரம் என்றே படித்தது. அதன்படி வரைந்த பழைய படங்களில் முகம் உயரமாகவும், கன்னத்தில் பெரிய சாளரத்தோடும், கண் பின்னால் ஒதுங்கியும் இருக்கும். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அந்த முகம்தான் அச்சானது.

2007இல் கிறிஸ்டோபர் பென்னட் இரண்டாவது எலும்புக்கூட்டை விவரித்தார். முதலாவதைவிடச் சிறியது, முழு வளர்ச்சி அடையாதது. ஆனால் எலும்புகள் பெரும்பாலும் கோத்தபடியே இருந்தன, மென்திசுக்களின் தடங்களும் இருந்தன. மண்டை மேலிருந்து கீழாக அமுங்கியிருந்ததால் அதன் அகலம் அப்படியே பதிவாகியிருந்தது. அதை வைத்துப் பார்த்தால், முன்பக்கத்துப் பெரிய ஓட்டை நடுச் சாளரமே இல்லை, கண் குழி! மூக்குத் துளையும் சாளரமும் மூக்கு நுனியில் சின்ன இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. மண்டையின் முன்பாதியைக் கண்களே எடுத்துக்கொண்டிருக்கின்றன. உயரமான நீள முகம் போய், அகலமான குட்டை முகம் வந்தது. வாய் காதுவரை என்பார்களே, அப்படி ஒரு வாய். ஆகவே உங்கள் மகளின் புத்தகத்தில் உள்ள தவளை முகம் ஓவியரின் குறும்பு இல்லை. அந்தப் படத்தில் மிகவும் நம்பகமான பகுதியே அதுதான்.

பூச்சி தின்றது என்பது அடுத்த படி. இது கல்லில் நேரடியாக இல்லை. அனுரோக்னேத்தஸின் வயிற்றுப் பகுதியில் வண்டோ தட்டானோ கிடைக்கவில்லை. அதே சொல்ன்ஹோஃபன் கற்களில் ராம்ஃபோரிங்கஸ் என்ற வேறொரு டெரோசரின் தொண்டையில் மீன் அப்படியே இருக்கிறது. அதற்கு மீன் தின்னும் விலங்கு என்று சொல்ல ஊகம் வேண்டாம். இதற்கு ஊகம் வேண்டும், ஆனால் ஊகத்துக்கு அடித்தளம் பலமாகவே இருக்கிறது. அகலமாகத் திறக்கும் வாய். ஆப்பு போன்ற சின்னப் பற்கள், எண்ணிக்கையில் குறைவு, நடுவே இடைவெளி. மீனை வழுக்காமல் பிடிக்க நீண்டு முன்னோக்கிச் சாயும் பற்கள் ராம்ஃபோரிங்கஸுக்கு உண்டு, இதற்கு இல்லை. சதையைக் கிழிக்கும் பற்களும் இல்லை. இறக்கை அகலமானது, சட்டென்று திரும்ப வசதியானது. இந்தச் சேர்க்கையை இன்று வாழும் பிராணிகளில் தேடினால் பக்கி என்கிற இராப்பறவையும் பூச்சி பிடிக்கும் வௌவால்களும்தான் நினைவுக்கு வருகின்றன. பக்கியை மூடிய வாயோடு பார்த்தால் அலகு இருப்பதே தெரியாது. வாயைத் திறந்தால் தலையே இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கும். பறந்தபடியே பூச்சியை அள்ளும் வாய் அது. நான் நேரில் பார்த்த முதல் பக்கி மண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதில் எலும்பு எங்கே?' என்று கேட்டேன். அனுரோக்னேத்தஸின் மண்டை வரைபடத்தைப் பார்த்தபோதும் அதே கேள்விதான் வந்தது. எனவே பூச்சி என்பதை நான் கிட்டத்தட்ட உறுதி என்ற இடத்தில் வைப்பேன். மாற்று விளக்கம் என்று சொல்லும்படி எதையும் யாரும் முன்வைத்து நிலைக்கவில்லை.

அந்தி நேரம் என்பதில் எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. பெரிய கண் குறைந்த ஒளியில் வேட்டையாட உதவும், உண்மை. கண்கள் ஓரளவு முன்னோக்கி இருப்பதால் தூரத்தைக் கணிக்கவும் உதவியிருக்கும். ஆனால் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டும். சிறிய விலங்குகளுக்கு உடம்போடு ஒப்பிடும்போது கண் எப்போதுமே பெரிதாகத்தான் தெரியும். அதிலும் குட்டிகளுக்கு இன்னும் பெரிதாகத் தெரியும், பூனைக்குட்டியையோ கோழிக்குஞ்சையோ பாருங்கள். முகத்தைத் திருத்தியமைத்த அந்த இரண்டாவது எலும்புக்கூடு முழுதாக வளராதது என்று சொன்னேன் அல்லவா, அதனால் கண்ணின் அளவைப் படிக்கும்போது கொஞ்சம் கழித்தே படிக்க வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் எலும்பு வளையத்தை அளந்து பகலா இரவா என்று கணிக்கும் முறை ஒன்று உண்டு. 2011இல் ஷ்மிட்ஸ், மொட்டானி இருவரும் சொல்ன்ஹோஃபன் டெரோசர்கள் சிலவற்றை அப்படி அளந்தார்கள். டெரோடாக்டிலஸ் பகலில் உலவியது, ராம்ஃபோரிங்கஸ் இரவில் உலவியது என்று வந்தது. ஒரே காயலின் மேல் ஆளுக்கொரு நேரம் பிரித்துக்கொண்டு பறந்திருக்கிறார்கள் என்பது அழகான முடிவுதான். ஆனால் அதை வைத்து அனுரோக்னேத்தஸுக்கும் ஒரு நேரம் ஒதுக்கிவிட முடியாது. புத்தகத்தில் 'அந்தி' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு 'அநேகமாக' சேர்த்துப் படியுங்கள்.

மயிர் விஷயம் சுவாரசியமானது. டெரோசர்களுக்கு மயிர் போன்ற போர்வை இருந்தது என்று 1831இலேயே கோல்ட்ஃபுஸ் என்ற ஜெர்மானியர் சொன்னார், பலர் நம்பவில்லை. 1971இல் கஜகஸ்தானின் கராதாவ் பகுதியில் கிடைத்த சோர்டெஸ் என்ற சிறிய டெரோசரில் ஷரோவ் மயிரைத் தெளிவாகவே காட்டினார். அனுரோக்னேத்தஸின் நெருங்கிய உறவினரான ஜெஹோலோப்டெரஸ் சீனாவின் உள் மங்கோலியாவில் கிடைத்தது, 2002இல் பெயரிடப்பட்டது. இறக்கை விரிவு சுமார் 90 சென்டிமீட்டர். அதன் கல்லில் உடம்பைச் சுற்றி இழைகள் ஒரு பஞ்சு விளிம்பு போல அப்படியே பதிந்திருக்கின்றன. அதனால் உடம்பில் போர்வை இருந்ததா என்று கேட்டால், இருந்தது, அதில் எனக்குத் தயக்கம் இல்லை. உடம்புச் சூட்டைக் காத்துக்கொண்டு சுறுசுறுப்பாகப் பறந்த பிராணிகள் இவை என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஆனால் அந்த இழை எப்படிப்பட்டது என்பதில்தான் இப்போது சண்டை. சீனாவில் கிடைத்த இதே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு எலும்புக்கூடுகளை ஆராய்ந்த குழு ஒன்று, இழைகள் நான்கு வகை, அவற்றில் சில இறகு போலக் கிளை பிரிந்தவை என்று அறிவித்தது. அது சரியென்றால் இறகின் தொடக்கம் டைனோசர்களுக்கும் டெரோசர்களுக்கும் பொதுவான மூதாதை வரை பின்னால் போகும், பெரிய செய்தி. 2020இல் அன்வின், மார்ட்டில் இருவரும் மறுத்தார்கள்: கிளை பிரிந்ததுபோலத் தெரிவது ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் சிதைந்தும் போன இழைகள், அதில் ஒரு பகுதி இறக்கைச் சவ்வுக்குள் இருக்கும் விறைப்பு இழைகளாகவும் இருக்கலாம் என்றார்கள். பிறகு 2022இல் பிரேசிலின் டுபாண்டாக்டிலஸ் என்ற பெரிய டெரோசரின் தலையில் கிளை பிரிந்த இழைகளைக் காட்டிய பிறகு தராசு முதல் கட்சிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். நான் பந்தயம் கட்டச் சொன்னால் சின்னத் தொகையே கட்டுவேன். நசுங்கிய இரண்டு முடி குறுக்கே கிடந்தால் உருப்பெருக்கியில் அது கிளை மாதிரிதான் தெரியும். அதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு வாரம் கொண்டாடிவிட்டு, ஒளியைச் சாய்த்து அடித்துப் பார்த்தபோது ஒன்று மேலே இன்னொன்று கீழே என்று தெரிந்தது. புத்தகத்தில் போர்வையின் நிறத்தைப் பழுப்பும் வெள்ளையுமாக வரைந்திருந்தால், அது மட்டும் முழுக்க ஓவியரின் விருப்பம்.

சரி, டைனோசர் முதுகுச் சவாரி. இதற்குக் கல்லில் ஓர் ஆதாரமும் கிடையாது. மாட்டின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் பறவைகளைப் பார்த்துப் பழகிய மனம் போட்ட ஒப்புமை. அந்தக் காலத்தில் பெரிய விலங்குகளைச் சுற்றிப் பூச்சி மொய்த்திருக்கும், அதனால் நடந்திருக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் படத்தில் கீழே நிற்பது சாட்டை வாலும் நீண்ட கழுத்தும் உள்ள டிப்ளோடோகஸ் என்றால் அது தப்பு. டிப்ளோடோகஸ் வட அமெரிக்காவின் பாறைகளிலிருந்து தெரிந்த விலங்கு. அனுரோக்னேத்தஸ் கிடைத்தது ஐரோப்பாவின் தீவுக் கடலில். காலம் ஏறக்குறைய ஒன்று, இடம் வேறு. மரத்தில் தொற்றிக்கொண்டு வாழ்ந்தது என்ற ஊகம் இதைவிட மேல். இந்தக் குடும்பத்து விலங்குகளின் வளைந்த நகங்கள் அதற்குத் துணை. பிற்காலத்தில், கிரிட்டேசியஸ் காலத்துச் சீனாவில் வாழ்ந்த வெஸ்பெரோப்டெரிலஸ் என்ற உறவினருக்குக் கால்விரல் ஒன்று பின்னோக்கித் திரும்பிக் கிளையைப் பற்ற ஏற்றதாக இருந்தது என்று விவரித்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் தேடினால் எப்படியும் எதிர்ப்படும். ஜெஹோலோப்டெரஸ் டைனோசர்களின் ரத்தத்தைக் குடித்தது என்ற ஒரு கதை உலவுகிறது. நிபுணர்கள் அதை ஏற்கவில்லை. கல்லின் புகைப்படத்தைக் கணினியில் பெரிதாக்கி, வேறு யார் கண்ணுக்கும் தெரியாத பற்களைக் கண்டுபிடித்து எழுந்த கதை அது. இன்னொன்று மோசடி. 1998இல் சீனாவிலிருந்து வந்த டெண்ட்ரோரிங்கோயிடஸ் என்ற டெரோசருக்கு நீண்ட வால் இருந்தது, அதனால் அதை வேறு குடும்பத்தில் சேர்த்தார்கள். பிறகுதான் அந்த வால் வேறொரு பிராணியுடையது, கல்லின் விலையை ஏற்ற ஒட்டவைத்தது என்று தெரிந்தது. வாலை நீக்கியதும் அது அனுரோக்னேத்தஸின் சொந்தக்காரனாகிவிட்டது. இதில் வேடிக்கை, 2022இல் பெயரிடப்பட்ட காஸ்கோகாடா என்ற உறவினருக்கு உண்மையிலேயே நீளமான வால் இருக்கிறது, ஒட்டவைத்ததல்ல. ஆக 'வாலில்லாத் தாடை' என்பது ஒரு விலங்கின் பெயர்தானே தவிர அந்தக் குடும்பத்தின் இலக்கணம் இல்லை.

இந்தக் குடும்பம் டெரோசர் மரத்தில் எங்கே உட்காருகிறது என்பதும் இதனால்தான் இழுபறி. சிலர் அடிமரத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். வேறு சிலர் குட்டை வால், நீண்ட கை கொண்ட பிற்கால டெரோசர்களுக்கு மிக நெருக்கமாக வைக்கிறார்கள். முகம் இவ்வளவு விசித்திரமாக மாறிப்போன விலங்கை எந்தக் கிளையோடு ஒப்பிட்டாலும் பாதி அடையாளம் பொருந்தும், மீதி பொருந்தாது. இந்த வழக்கில் நான் எந்தப் பக்கமும் இல்லை.

மகளோடு அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கும்போது ஒரு விளையாட்டு ஆடலாம். கண்ணை எங்கே வரைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மூக்கை ஒட்டி, முகத்தின் முன்பாதியை அடைத்துக்கொண்டு இருந்தால் ஓவியர் 2007க்குப் பிந்திய மண்டையைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். கண் பின்னால் ஒதுங்கி, முன்னால் நீண்ட கன்னம் இருந்தால், இன்றைக்கு அச்சடித்த புத்தகமாக இருந்தாலும் முகம் பழைய கூடையினுடையது. நீங்கள் சொன்ன முட்டைக் கண்ணும் தவளை வாயும் நிஜமாகவே அங்கே இருந்தால், கீழே நிற்கும் டைனோசரை மட்டும் ஒரு மரமாக மாற்றி வரையும்படி மகளிடம் சொல்லுங்கள்.